நாலு செடியும் ஒரு துவாயும்

இன்றைக்கும் மஞ்சள்தான், நேற்றையிலும் பார்க்கக் கூடின மஞ்சள். பேஸ்மென்றின் மூலையில் நிற்கிற கறுப்புத் துணிக்கூடாரத்தின் சிப்பைக் கீழே இழுத்தவுடனேயே குகதாசனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒத்துக்கொள்ள மனம் வராமல், லைற்றின் வேலையாக இருக்கும், இந்த லைற்றுக்குக் கீழே பிடித்தால் மனுசர் முகமே காமாலை வந்த மாதிரித்தானே தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லி, லைற்றை அணைத்துவிட்டு ரோர்ச்சை அடித்து ஓர் இலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். ஏழு விரலையும் விரித்துக்கொண்டு இலை கையில் கிடந்தது. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்றன, நரம்புக்கும் நரம்புக்கும் நடுவிலே பச்சை வடிந்துபோயிருந்தது, விளிம்பிலே துருப்பிடித்த தகரம் மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள், காம்பு ஊதாவும் சிவப்புமாகக் கன்றிப்போய். இது முதுமை இல்லை. முதுமை என்றால் அடியிலே தொடங்கும். பூக்கிற காலத்தின் கடைசியில் இந்தச் செடி தன்னுடைய அடி இலைகளைத் தானே உறிஞ்சி அந்தச் சத்தையெல்லாம் பூவுக்கு ஏற்றும், அப்போது கீழ் இலைகள் ஒரே சீராகப் பழுத்துக் கை பட்டதும் கழன்று விழும், அதைக் கண்டு பயப்படக்கூடாது என்று பக்கத்து வீட்டு மனுவேல் சொல்லியிருந்தார். இது அப்படியில்லை, நடுவிலே தொடங்கி மேலே ஏறுகிறது, பூவுக்குப் பக்கத்து இலைவரைக்கும் வந்துவிட்டது, பூ வெட்டுவதற்கோ இன்னும் கிழமைகள் கிடக்கின்றன. அந்தப் பூவைப் பார், தன்னைச் சுற்றி வீடு எரிகிறது என்ற யோசனையே இல்லாமல், வெள்ளை வெள்ளை மயிர்களை நீட்டிக்கொண்டு, மேலெல்லாம் சீனி தூவின மாதிரி மினுமினுப்பு, தொட்டால் விரல் ஒட்டும், அந்த மணம், எலுமிச்சந்தோலும் மண்ணெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த மணம், அது மட்டும் குறையவில்லை. பசி என்று நினைத்து உரத்தைக் கூட்டினான், மஞ்சள் கூடியது. தண்ணீர் கூடிப்போச்சு என்று காயவிட்டான், மஞ்சள் நிற்கவில்லை. வெக்கை என்று லைற்றை உயர்த்திக் கட்டினான், கட்டின கை நொந்ததுதான் மிச்சம். இவ்வளவு செய்தும் உன்னிடம் என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்கிறாயா நீ என்று இலையைக் கேட்டான், வாய்விட்டுக் கேட்டுவிட்டான் போல, ஏனென்றால் மேலே தரையில் ஊன்றி நடக்கிற பொல்லு ஒருமுறை தட்டியது.

"இஞ்சேருங்கோ, ஆரோட கதைக்கிறியள்? செடியோட குடும்பம் நடத்துறியளோ?" மனைவி லோஜினியின் குரல் படி வழியாக உருண்டு வந்தது.

"சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன். இப்ப வந்திடுவன்."

"எப்பிடி இருக்கினம்?"

"நல்லா இருக்கினம்."

நல்லா இருக்கினம். இந்தச் சொல்லைத்தான் அவன் இந்த மாதம் முழுக்க மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறான், நாள்தோறும் ஒரு நல்லா இருக்கினம், வாய் பழகிவிட்டது, கோயிலில் ஆரும் சுகமோ என்று கேட்டால் சுகம் என்று சொல்கிற மாதிரி. சமையலறை யன்னல் தட்டில் நிற்கிற அந்தச் சின்னக் கறுப்புப் போத்தலை அவன் மேலே போகிற வேளையெல்லாம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறான். போன தடவை பூவைக் காயவைத்துத் தேங்காயெண்ணெயில் மெல்லிய சூட்டில் காய்ச்சி வடித்து ஊற்றினது, லேபிளுக்கு மேலே நின்ற எண்ணெய் இப்போது லேபிளுக்கும் கீழே போய்விட்டது. நரம்பைச் சுற்றியிருக்கிற உறையை உடம்பே அரித்துத் தின்கிற வருத்தம் அவளுக்கு, இழுப்பு வந்தால் இடது கால் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும், அவன் நித்திரை குழம்பக்கூடாது என்று அவள் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், அந்தத் தலையணை உறையைக் கழுவும்போது பல்லுத் தடத்தைக் கண்டுதான் அவனுக்கு விசயமே தெரியும். நரம்பு டொக்டர் தந்த குளிசை அவளைத் தள்ளாட வைத்தது. கடையில் வாங்கின கஞ்சா எண்ணெய் பகல் முழுக்க நித்திரையாக்கியது, நான் உயிரோட இருக்கவோ நித்திரை கொள்ளவோ இதைக் குடிக்கிறன் என்று அவளே மூடி வைத்துவிட்டாள். மனுவேல் தந்த இந்தச் செடிதான் பிடித்தது. மனுவேலின் மனுசிக்கும் இதே வருத்தம், அந்த மனுசி செத்தபிறகும் அந்த மனுசன் செடியை விடவில்லை, கிளையிலிருந்து கிளை எடுத்து எடுத்து வளர்த்துக்கொண்டே இருந்தார், பிறகு வீட்டை விற்றுப்போட்டு மகளோடு போகும்போது வேலிக்கு மேலாலே நாலு கிளையை ஈரக் கடதாசியில் சுற்றித் தந்தார், அரசாங்கம் ஒரு வீட்டுக்கு நாலு விடும், நாலையும் நீயே வை, இந்தச் சாதி இப்ப உன்னட்ட மட்டும்தான் என்று சொல்லிவிட்டு தன் வளவில் நின்ற அத்திமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி காரில் ஏறினார். பூ வெட்டின பிறகு அடிக்கட்டையை விட்டால் திரும்பத் தளிர்க்கும், போன தடவை அப்படித்தான் தளிர்த்தது. ஆனால் அடி உயிரோடு இருக்கவேண்டும். அடி இருக்குமா? இலையைப் பார்த்தால் அடி தெரியாது. அவன் குனிந்து சாடியின் மண்ணைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனான். மண்ணில் ஒரு புளிச்ச வாடை அடிப்பதுபோல இருந்தது, அடிக்கவில்லை போலவும் இருந்தது, மனம் ஒன்றை எதிர்பார்த்தால் மூக்கும் சேர்ந்து பொய் சொல்லும்.

தண்ணீரின் புளிப்பில் பிழை இருக்கமுடியாது என்பதில் மட்டும் அவனுக்கு நிச்சயம். அதற்குத்தான் மீற்றர் இருக்கிறதே. பேனை மாதிரி நீட்டு மீற்றர், அடியில் குமிழ் மாதிரி ஒரு கண்ணாடி முனை, தண்ணீருக்குள் விட்டால் எண் காட்டும். ஏழு என்றால் நடு, ஏழுக்கு மேலே போனால் சவர்க்காரத் தண்ணீர், ஏழுக்குக் கீழே போகப் போகப் புளித்தண்ணீர். இந்தச் செடிக்கு ஆறரை பிடிக்கும், அதிலே நின்றால் மண்ணில் போட்டதெல்லாம் வேருக்குக் கிடைக்கும், புளித்துப்போனால் சத்து மண்ணிலேயே கிடக்கும், வேர் பக்கத்திலேயே கிடந்து பட்டினி கிடக்கும், பந்தியிலே இருத்திவிட்டு வாயைக் கட்டிவிட்ட மாதிரி. ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் அவன் அளந்துதான் விடுகிறான். குழாய்த்தண்ணீர் ஏழுக்கு மேலே காட்டும், புளிப்பைக் கூட்டுகிற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி ஆறரைக்குக் கொண்டுவருவான், முந்தி ஒருசில சொட்டுப் போதும், இப்போது ஒரு மூடி, சில நாள் அதற்கும் மேலே, குளிர்காலம்தானே, தெருவுக்கு உப்புக் கொட்டுகிறார்கள், நகரத்துத் தண்ணீரே மாறியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தான். அளந்து முடிந்ததும் பேனையைக் கழுவி, தோளில் கிடக்கிற துவாயால் துடைத்து, அந்தக் கண்ணாடி முனையையும் துவாய் நுனியைத் திரித்து உள்ளே விட்டுச் சுற்றித் துடைத்து, ஊதி, தட்டில் ஒரு துண்டுத் துணி விரித்து அதன்மேல் காய வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். கோப்பை கழுவின கை அது. ரொறன்ரோவுக்கு வந்த கிழமையே ஓர் இத்தாலிக்காரனின் ரெஸ்ரோரன்றில் பின்கதவால் நுழைந்தவன், ஆவியும் கொழுப்பும் பறக்கிற அந்தக் குகைக்குள்ளே அவன் தோளில் இந்தத் துவாய்தான், வைன் கிளாஸில் ஒரு துளித் தடம் இருந்தால் முதலாளி கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டுவான், பிறகு பிறகு காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் அவனையே அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக்கினான். ஈரத்தோடு ஒன்றும் தட்டில் ஏறக்கூடாது, அது அவனுடைய சட்டம். ஈரம் என்றால் தடம், ஈரம் என்றால் பூஞ்சணம், ஈரம் என்றால் அடுத்தநாள் வசை. வீட்டிலும் அப்படித்தான், லோஜினி பகிடி பண்ணுவாள், இவர் மழையையும் துடைச்சு வைக்கச் சொன்னால் துடைச்சு வைப்பார் என்று.

அவளுடைய பகிடி. அந்தப் பகிடியை எண்ணினால் இந்த மஞ்சள் நடுவிலும் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அவனுடைய அக்கா பிரம்டனிலிருந்து வந்த அன்று, செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கி, என்னடி லோஜினி, மரநாய் ஏதும் வீட்டுக்குள்ள பூந்திட்டுதே என்று கேட்டாள். குகதாசனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது, ஊதுபத்தி, சாம்பிராணி, பின்வளவுக் குப்பை என்று மூன்று பொய்யை ஒரே நேரத்தில் தேடினான். லோஜினி பொல்லை மடியில் வைத்துக்கொண்டு, மரநாய் இல்லை மச்சாள், கஞ்சா, கீழ வளக்கிறம், உங்கட தம்பிதான் தோட்டக்காரன், தேத்தண்ணிக்குச் சீனி போடவே என்றாள், சீனிக்கும் கஞ்சாவுக்கும் ஒரே குரல். அக்கா தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி ஆறவிட்டாள். கோயிலடியில் கதை பரவப்போகிறது என்று அவன் பயந்துகொண்டிருக்க, போகும்போது அக்கா சப்பாத்துப் போடுகிற சாட்டில் குனிந்து, இது முழங்கால் நோவுக்கும் கேக்குமோ எண்டு கேட்டுச் சொல்லடி என்று காதோடு கேட்டுவிட்டுப் போனாள். அவன் ஒளித்து வைக்கப் பார்க்கிறதை அவள் மேசையில் எடுத்து வைத்துவிடுவாள், எடுத்து வைத்ததும் அது பாதியாகச் சுருங்கிவிடும், இந்த வித்தை அவனுக்கு இத்தனை வருசத்திலும் பிடிபடவில்லை. பஸ் ஓடின காலத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற அந்தப் பெரிய மஞ்சள் பஸ்ஸை ஸ்காபரோத் தெருக்களில் அவள் ஓட்டிக்கொண்டு வருவதைக் காண அவன் சில நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுச் சந்தியில் நின்றிருக்கிறான். ஐந்தடி உயரமும் இல்லாத மனுசி, பின்னாலே ஒரு குஞ்சன் படை, பனி சரிந்து கொட்டுகிறது, வளைவிலே அந்த நீட்டுப் பஸ்ஸை ஒரு பூனைக்குட்டியைத் திருப்புகிற மாதிரித் திருப்பிக்கொண்டு போவாள், கண்ணாடியில் அவனைக் கண்டால் ஹோனை ஒருமுறை மெல்லமாக அமத்துவாள். விடிய எழும்பி, பஸ்கள் நிற்கிற யாட்டுக்குப் போனால் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள், ரயரைத் தட்டுவாள், லைற்றைப் போட்டுப் போட்டு இறங்கிப் பார்ப்பாள், பிரேக்கை அமத்தி அமத்திக் காது கொடுத்துக் கேட்பாள். நேற்றும் இதே பஸ்தானே, நேற்றுப் பாத்தனீர்தானே என்று அவன் கேட்டதற்கு, நேற்றைய பிரேக் நேற்றைக்கு என்றாள். பிறகு ஒரு நாள், பனி நாள்தான், மத்தியானம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, இனி நான் பஸ் ஓடேல்லை, திறப்பைக் குடுத்திட்டு வந்திட்டன் என்றாள். என்ன நடந்தது என்று அவன் பதறினான். ஒண்டும் நடக்கேல்லை, அதுக்குத்தான் குடுத்தனான், இண்டைக்கு என்ர கால் பிரேக்குக்குப் போகப் பிந்தினது, ஒரு மூச்சளவு, பிள்ளையளை ஏத்திக்கொண்டு அடுத்த மூச்சும் பிந்துமட்டும் நான் நிக்கேலாது. அழவில்லை. டொக்டரிடம் போகமுதலே, வருத்தத்துக்குப் பேர் தெரியமுதலே, ஒருத்தரும் காணாத பிழையைத் தானே கொண்டுபோய் மனேச்சரின் மேசையில் வைத்துவிட்டு வந்தவள். நேற்றைய பிரேக் நேற்றைக்கு. நேற்றைய பிரேக். குகதாசன் இலையைக் கைவிட்டான். தட்டில் துணிமேல், பளபளவென்று, தூசி தும்பு இல்லாமல், ஒரு தடமும் இல்லாமல் மீற்றர் கிடந்தது. செடியைச் சோதித்தான், தண்ணீரைச் சோதித்தான், உரத்தைச் சோதித்தான், லைற்றைச் சோதித்தான். இதை?

பெட்டி எங்கே என்று தேடினான். புதுச் சாமானின் பெட்டியை எறியாமல் வைக்கிற பழக்கம் இந்த இடத்தில்தான் உதவியது, மகள் முந்தி மீன் வளர்த்த தொட்டிக்குள்ளே, காய்ந்த கூழாங்கல்லுக்கு மேலே அது கிடந்தது, உள்ளே திறக்காத குட்டிப் போத்தல்கள். புது மீற்றருக்கு என்ன சோதினை என்று அவன் அன்றைக்கு ஒன்றையும் உடைக்கவில்லை. ஏழு என்று பெரிதாக எழுதியிருந்த போத்தலைத் திருகிச் சின்னக் கிளாஸில் ஊற்றினான். இந்தத் தண்ணீருக்கு எண் நிச்சயம், இது ஏழு, இதற்குள் விட்டால் ஏழுதான் காட்டவேண்டும், ஆரைக் கேட்டாலும் ஏழு. பேனையை இறக்கினான். எண் ஓடத் தொடங்கியது, ஏழரை, ஏழே முக்கால், எங்கே நிற்பது என்று தெரியாத வெறிகாரன் மாதிரி அங்கும் இங்கும் ஆடி எட்டுக்கு மேலே போய் நின்றது. துடைத்துவிட்டுத் திரும்ப இறக்கினான், திரும்பவும் எட்டுக்கு மேலே. கை தன்பாட்டில் துவாயைத் தேடித் துடைத்ததை அப்போதுதான் அவன் கண்டான். ஏழை எட்டு என்கிறது. அப்படியென்றால் அது ஆறரை என்று சொன்ன தண்ணீர்? கணக்கு மனதில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது, ஏறினால் என்ன வரும் என்று மனத்துக்குத் தெரியும். மீன்தொட்டியோடு கிடந்த நிறச்சொட்டுக் குப்பி ஞாபகம் வந்தது, மீன் செத்துச் செத்துப் போக மகள் அழுது வாங்குவித்த குப்பி, தண்ணீரில் விட்டால் நீலம் என்றால் சவர்க்காரப்பக்கம், பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் புளிப்பு. அவன் காலையில் அளந்து கலந்து வைத்த வாளியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் மொண்டு சொட்டு விட்டான். மஞ்சள். சந்தேகத்துக்கு இடம் வைக்காத, எலுமிச்சம்பழ மஞ்சள். இலையின் மஞ்சளும் குழாயின் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில். புளிச்ச தண்ணீரை, அளந்து அளந்து, கவனமாக, அன்பாக, ஒருநாள் தவறாமல் ஊற்றியிருக்கிறான். ஏன் பழுதாய்ப்போனது, விழவில்லை, அடிபடவில்லை, ஒருத்தரும் இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கமாட்டார்கள் என்று எண்ணும்போதே அந்தப் பஞ்சு ஞாபகத்தில் வந்து மாட்டியது. முதல்நாள் மூடியைக் கழற்றினபோது உள்ளே ஒரு துண்டுப் பஞ்சு, ஏதோ உப்புத் தண்ணீரில் ஊறி, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து. சீ, ஊத்தை என்று பஞ்சை எறிந்து, மூடியைக் கோப்பை கழுவுகிற சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் காயவைத்தவன் அவன்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கடதாசியின் முதல் படமே அதுதான், மூடிக்குள் திரவம் விடுகிற படம், துணிக்கு மேல் பெருக்கல் குறி போட்ட படம். கண்ணாடி முனை எப்போதும் ஈரத்தில் இருக்கவேண்டுமாம், காய்ந்தால் புத்தி பிசகுமாம். மீன் மாதிரி. மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்திருக்கிறான், நாள்தோறும், துவாய் நுனியைத் திரித்து, ஊதி. சொல்லாமல் விட்டால் என்ன. புது மீற்றர் ஒன்று வாங்கிவந்து வைத்துவிட்டு, குளிருக்கு இலை பழுத்தது என்று, மனுவேலின் கிளை பழசாய்ப்போச்சு என்று, நகரத்துத் தண்ணீர் என்று, உப்பு என்று, எவ்வளவு காரணம் கிடக்கிறது, ஒன்றை எடுத்தால் போதும், அவளுக்குத் தெரியவா போகிறது, அவளால் படி இறங்கவும் ஏலாது. அந்தக் கடைசி எண்ணத்தைத் தான்தான் எண்ணினேனா என்று அவனுக்கே வெட்கமாக வந்தது. போத்தலில் எண்ணெய் லேபிளுக்குக் கீழே. அடுத்த மூச்சும் பிந்துமட்டும் நிக்கேலாது என்று சொன்னவள் மேலே இருக்கிறாள். சொல்லு. எப்படிச் சொல்ல. உம்மட மருந்தை நான்தான், இவ்வளவு கவனமாக, என்று தொடங்கவா.

தட்டுகிற சத்தம் இல்லை இது. தொப்பென்று ஒன்று, பிறகு ஓர் உரசல், பிறகு தொப். அவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடினான். லோஜினி படியில் இருந்தாள், பொல்லை மடிக்குக் குறுக்கே வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தால் ஒவ்வொரு படியாக இறங்கி, இடது காலைக் கையால் தூக்கி அடுத்த படியில் வைத்து, குளிர்காலத்தில் சறுக்குகிற பிள்ளை மாதிரி, முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"நில்லும், நில்லும்! விசரே உமக்கு? நான் வாறன் எண்டனான்தானே!"

"நீங்கள் அங்கயே நில்லுங்கோ. கை தந்தால் நான் விழுவன், உங்களையும் சேத்து விழுத்துவன்."

"என்ன அவசரம் இப்ப?"

"என்ர பிள்ளையளைப் பாக்க வாறன், உம்மைப் பாக்கவில்லை." கோபம் வந்தாலும் செல்லம் வந்தாலும்தான் அவள் அவனுக்கு உம் போடுவாள்.

அவன் கையைப் பிசைந்துகொண்டு கீழே நின்றான். ஒவ்வொரு தொப்புக்கும் அவனுடைய நெஞ்சும் ஒரு படி இறங்கியது. எப்படி இந்த மனுசிக்கு இப்படி ஒரு துணிச்சல், கால் சொன்னதைக் கேட்காத நாளில் காலையே தூக்கிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள். கடைசிப் படியில் வந்து குந்தி, மூச்சு வாங்கி, கூடாரத்துக்குள்ளே பார்த்தாள். வேர்விட்ட கிளைகளாக ஒரு சாண் உயரத்தில் நின்றபோது கண்டதற்குப் பிறகு அவள் இவற்றைக் காணவே இல்லை.

"அம்மாடி," என்றாள். "இவ்வளவு பூவோ."

அவள் பூவைத்தான் முதலில் கண்டாள். அவன் இவ்வளவு நாளும் இலையைத் தவிர வேறொன்றும் காணவில்லை. குனிந்த கிளை ஒன்றை அவள் கிட்ட இழுத்து மணந்து, கண்ணை மூடி, திரும்ப மணந்தாள். அவள் கண்ணைத் திறக்கமுதல் சொல்லிவிடவேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

"இலையைப் பாரும்."

"பாக்கிறன். மஞ்சளாக் கிடக்கு. ஏன்?"

"என்னாலதான்." சொல் வெளியே வந்துவிட்டது, எண்ணியதைவிடச் சின்னச் சொல். "தண்ணி அளக்கிற மீற்றர் பிழை சொல்லியிருக்கு. அதின்ர முனை எப்பவும் ஈரத்தில இருக்கவேணுமாம். நான் ஒவ்வொரு நாளும் கழுவி, துடைச்சு, காய வைச்சு... அது பிழை சொல்ல, நான் புளிப்பைக் கூட்டிக் கூட்டி விட்டிருக்கிறன். மண் புளிச்சுப்போச்சு."

அவள் அவனுடைய தோளில் கிடந்த துவாயைப் பார்த்தாள், துணி விரித்த தட்டைப் பார்த்தாள், அதில் கிடக்கிற பளபளப்பைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று அவன் பதறிக் குனிந்தான்.

"அதையும்," என்றாள், சிரிப்புக்குள்ளாலே, "அதையும் கிளாஸ் துடைக்கிற மாதிரித் துடைச்சனீங்களோ? வெளிச்சத்துக்குப் பிடிச்சும் பாத்திருப்பியள்!"

"பாத்தனான்," என்றான். உண்மைதானே.

"ஐயோ கடவுளே. அப்ப நல்லா இருக்கினம் எண்டது?"

"பொய்."

"அது தெரியும். அதுதான் இறங்கி வந்தனான். நல்லா இருந்தால் நீங்கள் நல்லா இருக்கினம் எண்டு நிப்பாட்டமாட்டியள், பூ இவ்வளவு, கிளை இவ்வளவு எண்டு விடிய விடியக் கதைப்பியள்." வேர்வையைக் கையால் வழித்தாள். "போத்தலையும் நீங்கள் மட்டும் பாக்கேல்லை. நானும்தான் பாக்கிறன். சரி. இனி என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கோ."

"நல்ல தண்ணி நிறைய விட்டு மண்ணைக் கழுவவேணும். புளிப்பு இறங்கினால் வேர் சாப்பிடும். பழுத்த இலை திரும்பிப் பச்சையாகாது. பூவுக்குக் காலம் கிடக்கு. வருமோ வராதோ எண்டு... நிச்சயமாத் தெரியாது."

"தெரியாது எண்டு சொல்லுறது நல்லாக் கிடக்கு. எனக்கு டொக்டர்மாரும் அதைத்தான் சொல்லுறவை." அவள் தன் முழங்காலை ஒருமுறை அமத்திவிட்டுக் கையை எடுத்தாள். "கழுவுறதெண்டால் உங்களை விட்டால் ஆர் இருக்கினம். வாளியை எடுங்கோ. அந்தப் பேனையை எனக்குத் தாங்கோ."

கழுவுவதென்றால். அவன் பேனையையும் பெட்டியையும் அவள் மடியில் வைத்துவிட்டு, வாளியில் கிடந்த புளித்தண்ணீரைக் கொட்டினான், குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்தான், திரவத்தில் ஒரேயொரு சொட்டு விட்டுக் கலக்கினான், கண்ணாடிக் குழாயில் மொண்டு நிறச்சொட்டை விட்டு லைற்றுக்குப் பிடித்தான். மஞ்சளில்லை. இளம் பச்சை, தளிர்ப் பச்சை. பார்த்தீரோ என்று அவன் குழாயை நீட்ட, பாத்தன், ஊத்துங்கோ என்றாள் அவள். முதல் சாடியின் மண்ணைச் சுற்றி மெல்ல மெல்ல ஊற்றினான், மண் குடித்தது, குடித்துவிட்டு அடித்துளையால் கபில நிறத்தில் வடித்தது, அந்த வடிகிற சத்தம், எத்தனையோ வருசமாகக் காதில் கிடக்கிற தொட்டித் தண்ணீரின் சத்தம்தான், ஆனால் இது ஒரு உயிருக்குள்ளாலே வருகிறது. மேலே ஒரு பூ அவனுடைய கன்னத்தில் முட்டியது. எவ்வளவு பொறுமை இதற்கு, வாயைக் கட்டிப்போட்டவன் மேலேயும் பூவைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. திரும்பிப் பார்த்தான். லோஜினி பெட்டிக்குள்ளிருந்த கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் படத்தைப் பார்த்துவிட்டு, சேமித்து வைக்கிற திரவத்தின் குட்டிப் போத்தலைப் பல்லால் திருகித் திறந்திருந்தாள். அந்த மூடியை ஒரு கையில், போத்தலை மறு கையில். முதல் சொட்டு மூடிக்கு வெளியே விழுந்தது, இரண்டாவது விரலில் வழிந்தது, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸை வளைவிலே திருப்புகிறபோது கடிக்கிற அதே கடி, மூச்சைப் பிடித்து மூன்றாவதை உள்ளே விட்டாள், நாலாவதையும் விட்டாள், கண்ணாடி முனையை அதற்குள் இறக்கி மூடினாள். மூடினபோது ததும்பி வழிந்தது, பேனை முழுக்க ஈரம், அவள் விரல் முழுக்க ஈரம், படியில் ஒரு சொட்டு, உடுப்பில் ஒரு சொட்டு.

"இந்தாங்கோ," என்று நீட்டினாள்.

அவன் வாங்கினான். கை தன்பாட்டில் தோளுக்குப் போனது, துவாயின் நுனியைப் பிடித்தது, நுனியைத் திரிக்கவும் தொடங்கிவிட்டது. லோஜினி புருவத்தைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குகதாசன் துவாயை விட்டான். ஈரம் சொட்டச் சொட்ட, அப்படியே, மீற்றரைத் தட்டிலே வைத்தான்.